மூன்று மெஷின்களும் ஒரு கட்டைவிரலும்

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டு ரப்பர் விவசாயிகள் சங்கத்துச் செயலாளர் ஜாண்ரோஸ் தந்தது. அட்டையில் அவரே சிவப்பு மையில் 'மெஷின் பரிசோதனைக் குறிப்பு, ஏசுவடியான்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருக்கிறார். சங்கம் மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போகிறதாம். மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷினை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கின்றன. எது நல்லது என்று நான் தினமும் எழுத வேண்டுமாம். முப்பத்தெட்டு வருஷம் மரம் அறுத்தவனைப் பிடித்து உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொல்கிறார் ரப்பர் பால் எடுக்கக்கூடத் தெரியாத மனிதர்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்துப் பின்னால் நிற்கும் அயினி மரத்தை எல்லார் முன்னாலும் சாய்க்க வேண்டும். அது சத்துணவுக் கூடத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கூடத்தைத் தொடாமல் விழுந்தால் சங்கத்தின் நிரந்தர மெஷின்காரன் நான்தான்.

"ஒரு ஆளத்தான் வைக்க முடியும் அண்ணே. நீங்க இல்லேன்னா களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவுலேருந்து ஆளு கூப்பிடணும். கமிட்டியில வயசப் பத்தி ஒண்ணு ரெண்டு பேரு கேட்டினும். அதான் எல்லாரும் பாக்க ஒரு மரம்" என்றார்.

எனக்கு ஐம்பத்தேழு. மரம் சாய்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. இந்த வேலை எனக்கு வேண்டும். கடைசியில் நல்லதாக ஒரு பக்கம் எழுதி ஜாண்ரோஸிடம் கொடுத்துவிட்டு நோட்டை நானே வைத்துக்கொள்வேன். அதனால் மனதில் பட்டதை எழுதலாம்.

ஜனவரி 7, செவ்வாய்

முதல் மெஷின்: ஹார்ஸ்டன். சாம்பல் நிறம். கம்பெனி ஆள் ஒருவன் காலரில் டை கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் வந்தான். கொசுவே அவனைப் பார்த்து ஒதுங்கியது.

"சார், இதுல ஹேண்டிலுக்கும் என்ஜினுக்கும் நடுவுல ஸ்பிரிங் இருக்கு. அதிர்வு கைக்கு வராது" என்றான்.

கைக்கு அதிர்வு வராவிட்டால் மரம் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்? மரம் விழ வேண்டிய பக்கத்தில் திறந்த வாய் மாதிரி வாய் வெட்டிவிட்டு, பின்னாலிருந்து அறுத்து வருவோம். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுக்காமல் விடுவதற்குப் பெயர் பிடி. அந்தப் பிடிதான் மரத்தைச் சொன்ன திசையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். பிடி அளவுக்கு வந்ததும் கைப்பிடியில் ஒரு நடுக்கம் வரும். அப்போது வாளை உருவ வேண்டும். அதை ஒரு தடவை விட்டுவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி விழும். இவர்கள் மெத்தை போட்டு அந்த நடுக்கத்தையே தின்றுவிடுகிறார்கள்.

என்ஜினை அணைத்துவிட்டு செயினின் பல்லில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். மொட்டை. பெட்டியிலிருந்து எடுத்த புதுச் செயின்! கூர் இருந்தால் விரலைக் கவ்வ வேண்டும். இது தடவிக் கொடுக்கிறது. அரம் போட்டுத் தீட்டினேன்.

ஜனவரி 9, வியாழன்

பதினோரு மரம். ஹார்ஸ்டன் குடிக்கிற பெட்ரோலுக்கு ஒரு பஸ் வாங்கி ஓட்டலாம்.

ஜனவரி 11, சனி

இரண்டாவது: ஒல்பர்க். மஞ்சள் நிறம். கல்யாண வீட்டு ஜெனரேட்டரைப் போல அலங்காரம். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது. அது ஒன்றுதான் நல்லது. ஆக்சிலேட்டர் பொத்தானை மிகச் சின்னதாக வைத்துத் தொலைத்திருக்கிறான். விரல் அதன் மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. விரலால் தெரியாத பொத்தானை எவன் செய்வான்?

செயின்: இதுவும் மொட்டை. இரண்டு கம்பெனிக்காரனும் ஒரே கடையில் வாங்குகிறான் போலிருக்கிறது.

இன்றும் நேசையன் ஒவ்வொரு மரத்துக்கும் கத்தினான். நேசையன் என் மனைவி தங்கபாயின் அண்ணன். எனக்குக் கயிறு பிடிக்கிறவன். மரத்தில் பாதி உயரத்தில் கயிறு கட்டி, விழ வேண்டிய பக்கமாக இழுத்துப் பிடித்து, விழும் கோட்டிலிருந்து ஒதுங்கித் தூரத்தில் நிற்பான். இரண்டு வருஷமாக அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். நான் பின்வெட்டில் இருக்கும்போது அங்கிருந்து "போதும் மாப்ளே! போதும்!" என்று கோழி பிடிக்கிறவனைப் போலக் கத்துகிறான். முன்னாலெல்லாம் வாயைத் திறக்காமல் நின்றவன். வயதானால் சிலருக்கு வாய் நீளும். எனக்கு எப்போது போதும் என்று கயிறு பிடிக்கிறவன் சொல்ல வேண்டுமா?

ஜனவரி 12, ஞாயிறு

கோவிலுக்குப் புறப்படத் தாமதம். புதுச் சட்டையின் பொத்தான் துளைகளை மார்த்தாண்டத்துத் தையல்காரன் கடுகு அளவுக்குத் தைத்திருக்கிறான். கால் மணி நேரம் போராடினேன். தங்கபாய் வந்து ஒரு நிமிஷத்தில் ஐந்தையும் போட்டுவிட்டாள். பெண்களின் விரல் ஒல்லி, அவர்களுக்குச் சரிவரும்.

ஜனவரி 15, புதன்

அறுத்தது ஒன்பது மரம். காலையில் பனி. தண்ணீரில் கை கழுவியதும் வலது கையின் மூன்று விரல் நுனி வெளுத்துவிட்டது, மெழுகுதிரி நிறம். மலையடிவாரத்துக் குளிர் அப்படி. அரை மணி நேரத்தில் நிறம் திரும்பியது.

சாப்பாட்டு வேளையில் இழுப்பு வாள் பற்றிப் பேச்சு வந்தது. எண்பத்தேழில் எங்களிடம் மெஷின் ஏது? ஐந்தரை அடி வாள். ஒரு முனையில் நான், மறு முனையில் நேசையன். அவனுக்கு வயது இருபத்தொன்று, எனக்குப் பத்தொன்பது. தள்ளக் கூடாது, இழுக்க மட்டும்தான் வேண்டும். தன் முறை முடிந்ததும் விட்டுக்கொடுக்க வேண்டும். தள்ளினால் வாள் மடங்கி நெளியும். அந்த முனையில் அவனுக்கு இருமல் வருவதற்கு முன்னாலேயே இந்த முனையில் என் கைக்குத் தெரிந்துவிடும். முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால்கூடத் தெரியும். தங்கபாயைக் கட்டித் தருவதாக அவன் சொன்ன அன்றைக்கு வாள் ஒரு மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. என்னவோ சொல்லப் போகிறான் என்று முதலிலேயே கண்டுபிடித்தேன்.

"அந்த வாளு இப்ப எங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"உம்மக்க ஷெட்டுலதான் கிடக்கும். நீரு எதையும் களையமாட்டீரே" என்றான்.

எதையும் தூக்கிப் போடாத ஆள்தான் நான். இப்போது விற்கிறவர்கள் செய்வதெல்லாம் தூக்கிப் போடுவதற்கென்றே செய்தவை.

ஜனவரி 17, வெள்ளி

மூன்றாவது மெஷின் வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. லூமா. பேட்டரியில் ஓடுகிறதாம்! பெட்ரோல் இல்லை, புகை இல்லை, கயிறு இல்லை. பொத்தானை அழுத்தினால் 'உய்ய்' என்கிறது. விட்டால் வாயை மூடிக்கொள்கிறது. தங்கபாயின் மிக்சி இதைவிட ஆம்பிளை. தேங்காய்ச் சட்னி அரைக்கட்டும் என்று அவளிடம் கொடுத்தேன்.

"கனமே இல்லியே. உங்களுக்கு இதுதான் நல்லது" என்றாள்.

எனக்கு எது நல்லது என்று முடிவு செய்ய வீட்டில் ஒரு கமிட்டி.

செயினைப் பார்த்தேன். மொட்டை. மூன்றுக்கு மூன்றும் மொட்டை. மூன்று கம்பெனியும் பேசிவைத்துக்கொண்டு ஊரை ஏய்க்கின்றன. இதை ஜாண்ரோஸுக்கு எழுதும் பக்கத்தில் முதல் வரியாகப் போட வேண்டும்.

ஜனவரி 18, சனி

இந்தப் பொம்மைகளுக்குப் புத்தி வரட்டும் என்று ஷெட்டிலிருந்து டன்மோரை வெளியே எடுத்தேன்.

டன்மோர் தொண்ணூற்றிரண்டில் என் கைக்கு வந்தது. எஸ்டேட்காரர்கள் பழசென்று கழித்தது. பதினோரு கிலோ. கைப்பிடி நேராக என்ஜினில் போல்ட் போட்டு முறுக்கியது. ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை, மெத்தை இல்லை. கையும் என்ஜினும் ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு வருஷம் இந்த மலையில் மரம் சாய்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் என் விரல்கள் தட்டின் விளிம்பில் தானாகத் தாளம் போடும். தங்கபாய் சிரிப்பாள். புதுப்பெண் அல்லவா! "கை இன்னும் மரத்துலதான் நிக்குது" என்பாள். காதுக்குள் ஒரு மணி நேரம் இரைச்சல் நிற்காது. அதுதான் மெஷின். அதை ஓட்டியவன்தான் மெஷின்காரன்.

இருபத்தைந்தாவது இழுப்பில் பிடித்தது. ஒரு கிடைமரத்தை ஐந்து நிமிஷம் அறுத்தேன். அணைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு கையும் விரல் முட்டிவரை வெளுத்துக் கிடந்தது. யாருடைய கையோ ஒட்டவைத்ததைப் போல இருந்தது. வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நேசையன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, டன்மோரை எடுத்து ஷெட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். கேட்காமல் என் மெஷினைத் தொடுகிற பழக்கமும் வந்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

தங்கபாய் வாங்கிய புது டம்ளர் வழுக்குகிறது. ஒரு வாரத்தில் மூன்றாவது தடவை சாயா கொட்டியது. இந்தப் பேனாவும் சரியில்லை. எழுத்து கோழி கிளறியதைப் போல வருகிறது.

ஜனவரி 22, புதன்

ஹார்ஸ்டன் செயினை நேற்றும் இன்றும் தீட்டினேன். ஒவ்வொரு பல்லுக்கும் எட்டு இழுப்பு. இன்று கட்டைவிரலை ஓட்டினேன். இன்னும் மொட்டைதான். மறுபடியும் அழுத்தி ஓட்டினேன். மொட்டை. இரும்பே சரியில்லை. இதை விற்கிறவனை

அரை மணி நேரம் கழித்துத் தொடர்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கபாய் சாயா கொண்டுவந்தாள். "என்னது நோட்டுல செவப்பா?" என்றாள். மை என்றேன். "உங்க பேனா நீலமாச்சே" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் மீன் செவுளைப் போல இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. ரத்தம் மணிக்கட்டைத் தாண்டி ஓடி முழங்கைப் பக்கம் காய்ந்திருந்தது.

மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன்.

காலையில் பலாக்காய் வெட்டினேன். கத்தி பட்டிருக்கும்.

ஜனவரி 23, வியாழன்

நேசையனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணாம் தேதி ஊரே நிக்கும். நீரு அங்கே நின்னு போதும் போதும்னு கத்தினா இவன் எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கான்னு நினைப்பினும். நாளையிலேருந்து ஒரு சத்தமும் வரப்பிடாது. பழகிக்கிடும்."

"கத்தல்லேன்னா?"

"கத்தல்லேன்னா ஒண்ணும் ஆவாது. முப்பது வருஷம் நீரு கத்தியா மரம் விழுந்துது?"

அவன் என் கட்டைவிரல் கட்டைப் பார்த்தான். "செரி மாப்ளே" என்றான்.

ஜனவரி 24, வெள்ளி

நேசையனுக்கு அடி. இடது தோளில். எலும்பு விலகவில்லை, சதை மட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம்.

நடந்தது இதுதான். ஆறாவது மரம், சரிவில் நின்றது. ஒல்பர்க்கால் அறுத்தேன். வாய் வெட்டு சரி. பின்வெட்டு சரி. நடுக்கம் வரட்டும் என்று அறுத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மஞ்சள் மெஷினின் ஸ்பிரிங் அதைத் தின்றுவிட்டது. வாள் மறுபக்கம் வெளியே வந்தபோதுதான் பிடியே இல்லை என்று பார்த்தேன். மரம் பக்கவாட்டில் திரும்பி நேசையன் நின்ற பக்கமாக விழுந்தது. அவன் கயிற்றை உதறிவிட்டுத் தாவினான். கொப்பு ஒன்று தோளில் அடித்தது.

"சீக்கிரம் மாறத் தெரியாதா உமக்கு? கால்ல என்ன ரப்பர் பாலு ஊத்தி ஒட்டியிருக்கா?" என்று கேட்டேன். அவன் கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒல்பர்க் வேண்டாம் என்று எழுத வேண்டும்.

ஜனவரி 25, சனி

வேலை இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

தங்கபாய் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தால் விஷயம் பெரியது.

"அண்ணன் எதுக்காக்கும் கத்திட்டிருந்தான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"வாய்க்கொழுப்பு."

"எங்க அண்ணனுக்கா? எனக்க கல்யாணத்துல அவன் பேசுன பேச்சு மொத்தம் நாலு. ரெண்டு வருஷமாத்தான் கத்துதான். ரெண்டு வருஷமாத்தான் நான் உங்களுக்குப் பொத்தான் போட்டுத் தாறேன்."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். பொத்தானுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? பெண்கள் இரண்டு கயிற்றை எடுத்து எங்கே வேண்டுமானாலும் முடிச்சுப் போடுவார்கள்.

கழுவும்போது தட்டு கையிலிருந்து நழுவியது. கோபம்.

ஜனவரி 28, செவ்வாய்

ஜாண்ரோஸ் வந்தார். சனிக்கிழமைக்குப் பந்தல் போடுகிறாராம். மரம் விழுவதற்குப் பந்தல்! சங்கத் தலைவர் வருகிறார், மைக் உண்டு, மூன்று கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். "மூணு மெஷினையும் மேஜையில வச்சு மாலை போட்டுருவோம்" என்றார். எனக்கு மாலை உண்டா என்று கேட்டேன். மரம் விழுந்த பிறகு என்றார். நேசையனுக்குப் பதிலாகக் கயிறு பிடிக்கச் சங்கத்தில் நான்கு பேரைத் தருகிறாராம். அவர்கள் பிடித்த கயிறு இதுவரை திருவிழாவில் வடம் இழுத்ததுதான்.

அவர் போன பிறகு தங்கபாய் என் கண்ணை மூடச் சொன்னாள். பைத்தியக்காரத்தனம் என்றேன். மூடச் சொன்னாள், மூடினேன். வலது உள்ளங்கையைக் கேட்டாள்.

"இது என்ன?"

"அரிசி."

"இது?"

"உப்புக்கல்லு."

"இது?"

விரல்களால் உருட்டிப் பார்த்தேன். நேரம் எடுத்துக்கொண்டேன். "பொத்தான்" என்றேன்.

கண்ணைத் திறக்கச் சொன்னாள். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. மூன்று தடவையும் அவள் ஒன்றும் வைக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த மரத்துக்குக் கீழேயும் இப்படிப் பயந்ததில்லை.

ஜனவரி 29, புதன்

எல்லாச் செயினும் கூராகத்தான் இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே. புதுச் செயின்களை நான் தீட்டித் தீட்டிப் பாதி பல்லைத் தின்றுவிட்டேன். டை கட்டியவனை எத்தனை திட்டினேன்!

விழுந்த தூளைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கூர் போன செயின் மாவு தள்ளும், கூரான செயின் சீவல் தள்ளும். தோட்டம் முழுக்கச் சீவலாகத்தான் கிடந்தது. கண் நன்றாக இருந்தது. நான்தான் விரலை நம்பினேன்.

ஜனவரி 30, வியாழன்

நேசையன் வீட்டுக்குப் போனேன். தோளில் கட்டோடு கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் பார்த்தான். நான் மறைக்கவில்லை.

"எப்பலேருந்து தெரியும் மச்சான்?"

"பேச்சிப்பாறை மேல ஒரு இருமுள்ளு மரம் சாச்சமே, அன்னையிலேருந்து. கயிறு எனக்க கையில லூசாவுது. மரம் கிளம்பியாச்சு. நீரு வாளை உருவாம அறுத்துட்டே நிக்கீரு. எனக்குத் தெரிஞ்சது உமக்குத் தெரியல்ல. அப்பவே விளங்கிப்போச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே வேய்!"

"சொன்னா கேப்பீரா? கயிறு பிடிக்கவனுக்கு என்னத்தத் தெரியும்பீரு. வேலையை விடுண்ணு சொன்னா நீரு வீட்டுல இருந்து தங்கபாயைத்தான் ஏசுவீரு. அதான் கயிறு லூசாவும்போ கத்தினேன். கத்தினா நீரு கோவத்துல நிறுத்துவீரு. நிறுத்தினா போதுமே."

இரண்டு வருஷம். ஒரு நாளைக்குப் பத்து மரம் என்றால் எத்தனை ஆயிரம் மரம்! ஒவ்வொன்றையும் அவன் கையால்தான் நான் சாய்த்திருக்கிறேன். அவனைக் கோழி பிடிக்கிறவன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும். எழுதியவன் எப்படிப்பட்டவன் என்று தெரியட்டும்.

"சனிக்கிழமை வருவீரா?" என்று கேட்டேன்.

"கயிறு பிடிக்க ஒரு கைதான் இருக்கு."

"ஒரு கை போதும்" என்றேன். கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

பந்தல், மைக், மேஜை, மூன்று மெஷின், மூன்று மாலை. தலைவர் வந்து மெஷின்களைப் பற்றிப் பேசினார். ஹார்ஸ்டனை ஒல்பர்க் என்றும் ஒல்பர்க்கை லூமா என்றும் சொன்னார். டை கட்டியவர்கள் மூன்று பேரும் கை தட்டினார்கள்.

அயினியை ஒரு ஆளால் சேர்த்துக் கட்டிப்பிடிக்க முடியாது, அவ்வளவு பருமன். சத்துணவுக் கூடத்துக் கூரைக்கும் அதற்கும் பத்தடி. நான்கு பேர் கயிற்றைப் பிடித்து, விழும் கோட்டிலிருந்து ஒதுங்கித் தூரத்தில் நின்றார்கள். நேசையன் அவர்களுக்கு முன்னால், கட்டுப்போட்ட கை நெஞ்சில் கிடக்க, மற்றக் கையைக் கயிற்றில் சும்மா வைத்துக்கொண்டு நின்றான்.

ஹார்ஸ்டனை எடுத்து வாய் வெட்டினேன். அதற்குக் கண் போதும். சீவல் நன்றாக வந்தது. பின்வெட்டு தொடங்கினேன். கால்வாசி போனதும் ஆப்பு அடித்தேன். பாதி போனது. அந்தச் சத்தத்தில் நேசையன் கத்தினாலும் கேட்குமா என்று தோன்றியது. முப்பதடி தூரம். ஊர்ப்பேச்சு, மைக் இரைச்சல், என் காதும் டன்மோருக்குக் கொடுத்த காது. கேட்காவிட்டால் மரம் கூடத்தின் மேல் விழும், அல்லது மறுபடியும் அவன் மேல் விழும். கேட்டால் வேலை எனக்கு. சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாண்ரோஸ் என் மாலையைக் கையில் வைத்திருந்தார்.

என்ஜினை அணைத்தேன்.

"என்ன அண்ணே, மெஷின் கம்ப்ளெயின்டா?" என்று ஜாண்ரோஸ் மைக்கிலேயே கேட்டார். டை கட்டிய ஹார்ஸ்டன்காரன் முகம் வெளுத்தான்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. கம்ப்ளெயின்டு எனக்க கையிலயாக்கும்" என்றேன். "மரம் கிளம்புனா எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது. நேசையன்தான் சொல்லித் தந்துட்டிருந்தாரு. மைக்கை நிறுத்தும். எல்லாரும் வாயை மூடும். அவரு சொல்லுகது எனக்குக் கேக்கணும்."

மைக் நின்றது. ஊர்ப்பேச்சும் நின்றது. வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் பதினோரு கிலோவைக் கீழே வைத்த மாதிரியும் இருந்தது.

மேஜைக்குப் போய் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு லூமாவை எடுத்தேன். யாரோ சிரித்தார்கள். 'உய்ய்' என்று பின்வெட்டில் வைத்தேன். கொஞ்சம் அறுத்தேன், விட்டேன். அமைதி. மரத்தின் நார் முறியும் சத்தம்கூடக் கேட்டது. கொஞ்சம் அறுத்தேன், விட்டேன்.

"இன்னும் ஒரு விரலு" என்றான் நேசையன். கத்தவில்லை, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதைப் போலச் சொன்னான்.

அறுத்தேன்.

"அரை விரலு."

அறுத்தேன்.

"போதும் மாப்ளே."

வாளை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். நான்கு பேரும் இழுத்தார்கள். அயினி கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, சொன்ன இடத்தில் படுத்தது. கூடத்தின் ஓடு ஒன்றுகூட அசையவில்லை.

ஜாண்ரோஸ் மாலையோடு என்னிடம் வந்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். அதை வாங்கிக் கொண்டுபோய் நேசையன் கழுத்தில் போட்டேன். கட்டுப்போட்ட தோளில் சிக்கிக்கொண்டது. "எடுத்துத் தொலையும் வேய், குத்துது" என்றான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சங்கத்துக்குக் கொடுக்கும் பக்கத்தை இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன். நல்ல எழுத்தில் தங்கபாய் எழுதித் தருவாள்.

செயலாளர் அவர்களுக்கு. மூன்று மெஷினும் நல்ல மெஷின்தான். மூன்று செயினும் கூர். நான் தீட்டிக் கெடுத்ததற்குப் புதுச் செயின் வாங்கிக்கொள்ளவும். மெத்தை வைத்த கைப்பிடி மிகவும் தேவை. அது இல்லாத பழைய மெஷின் எதையும் யாரும் வீரம் என்று நினைத்துத் தொட வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, பழைய இரும்புக்காரனிடம் போடப் போகிறேன்.

பெரிய மரத்துக்கு ஹார்ஸ்டன் வாங்கலாம். வீட்டுப் பக்கம் நிற்கும் மரத்துக்கு லூமா வாங்கவும். அது மிக்சிதான். ஆனால் அது வாயை மூடும்போது அடுத்த ஆள் சொல்வது காதில் விழுகிறது. ஒல்பர்க்கிலும் குறை ஒன்றும் இல்லை. அன்று நடந்ததற்கு அதைக் குறை சொன்னால் அது பொய்.

மெஷின்காரனாக என்னை வைக்க வேண்டாம். விரல் உள்ள ஒருவனை வையுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி. சேர்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒரு பொத்தானை வைத்துப் பார்க்கவும். வைக்காமலும் ஒரு தடவை பார்க்கவும்.

கயிறு பிடிக்க நேசையனை நிரந்தரமாக வைக்கவும். வருகிற ஆள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும், எந்தக் கம்பெனி மெஷினை வைத்திருந்தாலும், நேசையன் போதும் என்றால் நிறுத்தவும்.